டங்ஸ்டன் கார்பைடு: எக்ஸ்ஆர்டியில் 39.6 பீக் போகவில்லை, பிஇடி 4ஐத் தாண்டவில்லை

குழாய்உலை:

வணக்கம். செல்லுலோஸை எத்திலீன் கிளைக்காலாக மாற்றும் வினைக்கு டங்ஸ்டன் கார்பைடு தேவை. முதலில் தாங்கி (வினையூக்கியைச் சுமக்கும் பொருள்) இல்லாத தூள், அது ஒழுங்காக வந்தபின் 2 சதவீதம் நிக்கல் ஏற்றுவது என்று திட்டம். தூளே சரியாக வரவில்லை.

செய்முறை: அம்மோனியம் மெட்டாடங்ஸ்டேட்டைக் காற்றில் 500 டிகிரியில் 4 மணி நேரம் சுட்டால் மஞ்சள் டபிள்யூஓ3 (டங்ஸ்டன் ஆக்சைடு). அதில் 2 கிராமை அலுமினா படகில் போட்டு, 50 மி.மீ. கிடைமட்டக் குவார்ட்ஸ் குழாயில் வைக்கிறேன். வாயு ஹைட்ரஜனில் 20 சதவீதம் மீத்தேன், நிமிடத்துக்கு 100 மி.லி. நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் 700 வரை ஏற்றி, அங்கே 2 மணி நேரம். பிறகு ஆர்கானில் ஆறவிட்டுக் குழாயைத் திறப்பது. படகை வெளியே எடுத்த சில நொடிகளில் தூளின் ஓரம் சிவந்து கனன்று அணைகிறது.

தாமிரக் கதிரில் எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவு, எண்கள் 2தீட்டா டிகிரி): 39.6இல் மிக உயரமான பீக், அதன் வலப்பக்கத் தோளில் 40.3. டபிள்யூசிக்கு (டங்ஸ்டனும் கார்பனும் 1:1 உள்ள கார்பைடு) உரிய 31.5, 35.6, 48.3 மூன்றும் உள்ளன, ஆனால் சிறியவை. 23 முதல் 24.5 வரை குட்டிப் பீக்குகள். பிஇடி பரப்பு (நைட்ரஜன் ஏற்பில் அளந்த மேற்பரப்பு) கிராமுக்கு 4 சதுர மீட்டர்.

டபிள்யூசி மட்டும் வர என்ன மாற்ற வேண்டும்? பரப்பை 20க்கு மேல் கொண்டுவர முடியுமா? கடைசியாக, கிடைத்தது கார்பைடுதான் என்று எக்ஸ்ஆர்டி தவிர வேறு எதை வைத்துச் சொல்வது?

உலைவாய்:

வெப்பநிலையை மாற்றுவதற்கு முன் தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். உங்கள் தூள் கெடுவது 700இல் நிற்கும்போது அல்ல, 550க்கும் 700க்கும் இடையே ஏறும்போது.

2 கிராம் டபிள்யூஓ3 என்பது 8.6 மில்லிமோல். ஒரு மோலுக்கு மூன்று ஆக்சிஜன். கொஞ்சம் கார்பன் மோனாக்சைடாகப் போனாலும் பெரும்பகுதி நீராகத்தான் வெளியேறும். ஆக 26 மில்லிமோல் நீர். நிமிடத்துக்கு 10 டிகிரி என்றால் அந்த 150 டிகிரியை 15 நிமிடத்தில் கடந்துவிடுகிறீர்கள், நிமிடத்துக்கு 1.7 மில்லிமோல் நீர் வருகிறது. உள்ளே அனுப்பும் 100 மி.லி.யில் மொத்த வாயுவே 4.1 மில்லிமோல், அதில் ஹைட்ரஜன் 3.3. பாதி ஹைட்ரஜன் நீராகிவிடுகிறது! இதுவும் குழாய் முழுதுக்கான சராசரிதான். வாயு படகின் மேலே வழுக்கிப் போகிறது, தூளின் அடிக்குப் போவதில்லை. அங்கே ஈரம் இன்னும் அதிகம்.

ஈரத்தால் இரண்டு கேடு. டபிள்யூஓ3 படிப்படியாக டபிள்யூஓ2.9, டபிள்யூஓ2.72, டபிள்யூஓ2 வழியாக உலோகமாகி, பிறகு டபிள்யூ2சி (கார்பன் பாதியே உள்ள கார்பைடு), கடைசியில் டபிள்யூசி ஆகிறது. டபிள்யூஓ2 உலோகமாக மாறும் படிக்கு வறண்ட ஹைட்ரஜன் வேண்டும். ஈரம் இருந்தால் அங்கேயே தேங்கி, பின்னால் வரவேண்டிய கார்பனேற்றம் முழுவதும் தாமதமாகும். இரண்டாவது கேடு பெரியது. நீராவி டங்ஸ்டன் ஆக்சைடோடு சேர்ந்து ஆவியாகக்கூடிய ஹைட்ராக்சைடை உண்டாக்குகிறது. அது ஒரு துகளிலிருந்து கிளம்பி இன்னொன்றின் மேல் போய்ப் படிகிறது. சின்னத் துகள் கரைந்து பெரிய துகள் வளர்கிறது. டங்ஸ்டன் உலோகத் தூள் செய்யும் ஆலைகளில் துகள் அளவைக் கூட்டவும் குறைக்கவும் படகில் தூளின் தடிமனையும் ஹைட்ரஜனின் ஈரத்தையும்தான் மாற்றுகிறார்கள். அவர்களுக்குப் பல மைக்ரான் வேண்டும், நமக்கு 15 நானோமீட்டர் வேண்டும். எனவே எல்லாவற்றையும் எதிர்த்திசையில் திருப்ப வேண்டும்.

படகை விட்டுவிடுங்கள். 10 மி.மீ. உள்விட்டமுள்ள யு வடிவக் குவார்ட்ஸ் குழாய், நடுவே நுண்துளைக் குவார்ட்ஸ் தட்டு, வாயு மேலிருந்து கீழாகத் தூளுக்குள்ளேயே புகுந்து போகட்டும். டபிள்யூஓ3 0.5 கிராம் போதும். அப்படியே மாவாகப் போட்டால் தட்டு அடைத்துக்கொள்ளும், அல்லது வாயு ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு அதன் வழியே மட்டும் போகும். லேசாக அழுத்தி வில்லையாக்கி, உடைத்து, 150 முதல் 250 மைக்ரான் வரை சலித்துக்கொள்ளுங்கள். ஓட்டம் 200 மி.லி. 400 வரை நிமிடத்துக்கு 10 டிகிரி, அங்கே அரை மணி நேரம் நிறுத்தம், அதற்குமேல் நிமிடத்துக்கு 1 டிகிரி. இப்போது அதே கணக்கைப் போட்டால் வாயுவில் நீர் அரை சதவீதத்தைச் சுற்றி நிற்கும். பரப்பு கூடுவது பெரும்பாலும் இந்த ஒரு மாற்றத்தால்தான்.

700இல் டபிள்யூ2சி நிற்பதில் வியப்பில்லை. கட்ட வரைபடப்படி அது 1250 டிகிரிக்குக் கீழே நிலையானதே அல்ல; டபிள்யூசியும் உலோகமுமாகப் பிரிய வேண்டியது. உங்கள் உலையில் அது பாதி வழியில் நின்றுபோன இடைநிலை. 800 வரை கொண்டுபோய் 2 மணி நேரம் நிறுத்துங்கள், டபிள்யூசி முடிந்துவிடும்.

ஆனால் 800இல் வேறொரு எதிரி இருக்கிறது: தனிக்கார்பன். மீத்தேன் கார்பனும் ஹைட்ரஜனுமாகப் பிரியும் சமநிலையைப் பார்த்தால், 20 சதவீத மீத்தேன் கலவையில் 700க்கே கார்பன் படிவது சாத்தியம். 800இல் கார்பன் படியாத எல்லை சுமார் 4 சதவீத மீத்தேன்தான். நாம் தப்புவது மீத்தேன் மெதுவாக உடைவதால் மட்டுமே. டபிள்யூசி உண்டாக அவ்வளவு கார்பன் அழுத்தம் தேவையில்லை. மிகக் குறைந்த மீத்தேனிலும் அதுவே நிலையான கட்டம். எனவே 700 வரை 20 சதவீதம், அதற்குமேல் 5 சதவீதம் என்று குறைப்பது நல்ல வழி. முடிவில் 700க்கு இறக்கி, மீத்தேனை மூடி, சுத்த ஹைட்ரஜனில் 30 நிமிடம். மேலே படிந்த கார்பன் மீத்தேனாகத் திரும்பிப் போகும். இதை மணிக்கணக்கில் நீட்ட வேண்டாம்: தனிக்கார்பன் தீர்ந்தபின் ஹைட்ரஜன் கார்பைடின் கார்பனையே உருவத் தொடங்கும், மேற்பரப்பு உலோகமாகும்.

மீத்தேனுக்குப் பதில் ஈத்தேன் பயன்படுத்தினால் கார்பனேற்றம் குறைந்த வெப்பத்திலேயே முடியும், துகளும் சிறியதாக இருக்கும். ஆனால் தனிக்கார்பன் விழுவதும் அதே அளவு சுலபம். மீத்தேனில் கை பழகியபின் போங்கள்.

குழாய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கக்கூடாது. நிக்கலும் இரும்பும் மீத்தேனை உடைத்துக் கார்பன் இழையாகக் கக்கும். உலோக உறையுள்ள தெர்மோகப்பிளைத் தூளுக்குள் நேராகச் செருகுவதும் அதே தவறு. குவார்ட்ஸ் உறைக்குள் போடுங்கள்.

நுண்துளை:

தூள் கனன்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் நிறுத்த வேண்டும். உங்கள் 4 சதுர மீட்டரில் எவ்வளவு உலையால், எவ்வளவு அந்தக் கனலால் என்று இப்போது பிரிக்கவே முடியாது. 23 முதல் 24.5 வரையுள்ள பீக்குகள் மீண்டும் உண்டான டபிள்யூஓ3.

பாசிவேஷன் (சிறிது ஆக்சிஜனால் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடுப் போர்வை உண்டாக்குவது) செய்யாமல் திறக்கவே கூடாது. அறை வெப்பநிலைக்கு வந்தபின் ஆர்கானில் அரை மணி நேரம் கழுவி, ஹைட்ரஜன் முழுதும் போனது உறுதியானபின், ஆர்கானில் 1 சதவீத ஆக்சிஜன் உள்ள ஆயத்தச் சிலிண்டர் வாயுவை நிமிடத்துக்கு 20 மி.லி. விடுங்கள். முதல் அரை மணி நேரம் தெர்மோகப்பிளைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். 5 டிகிரிக்கு மேல் ஏறினால் ஆக்சிஜன் கலவையை மூடி ஆர்கானுக்கு மாற்றி, ஆறியபின் தொடருங்கள். பிறகு 8 முதல் 12 மணி நேரம். 2 கிராம் தூள் என்றால் நேரமும் கூடும், சூடும் கூடும், 0.5 கிராமோடு நிற்க இதுவும் ஒரு காரணம்.

காற்றையும் ஆர்கானையும் கையால் கலந்து "சுமாராக 1 சதவீதம்" ஆக்குவது வேண்டாம். ஓட்டக் கட்டுப்பாட்டுக் கருவி ஒரு நொடி துள்ளினால் போதும், தூள் பற்றிக்கொள்ளும். அசிட்டோன், எத்தனால் போன்ற கரைப்பானில் நனைத்து எடுத்தால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். சூடான தூள் அதற்குத் தீ வைக்கும்.

இன்னொன்று: பாசிவேஷன் தற்காலிகப் போர்வைதான். வினைக்கோ கார்பன் மோனாக்சைடு ஏற்பு அளவீட்டுக்கோ முன் அதே கருவிக்குள் ஹைட்ரஜனில் 500 முதல் 600 வரை சூடாக்கி, அந்த ஆக்சைடை நீக்கியாக வேண்டும்.

எக்ஸ்ரேமேசை:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இதில்தான் வெளியாகும் கட்டுரைகளே அதிகம் சறுக்குகின்றன.

முதலில் எக்ஸ்ஆர்டி. 39.6 டபிள்யூ2சி, 40.3 உலோக டங்ஸ்டன். துகள் சிறுத்துப் பீக் அகன்றால் இரண்டும் ஒன்றாகிவிடும், எந்த மென்பொருளாலும் அங்கே பிரிக்க முடியாது. வேறு இடத்தில் பாருங்கள். உலோகத்துக்கு 58.3இல் தனிப் பீக் உண்டு, அங்கே கார்பைடுகள் எதுவும் குறுக்கே வராது. டபிள்யூ2சிக்கு 34.5, 38.0, 52.3, 61.9. டபிள்யூசிக்கு 31.5, 35.6, 48.3, பிறகு 64.0, 65.8. 37, 43, 62 ஆகிய மூன்று இடங்களில் மட்டும் அகலமான பீக் வந்தால் அது கனசதுர டபிள்யூசி1-எக்ஸ். ஆனால் டபிள்யூ2என் நைட்ரைடும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் விழும். அம்மோனியா வழியாக நைட்ரைடு செய்து அதைக் கார்பனேற்றம் செய்பவர்கள் நைட்ரஜனை வேதிப் பகுப்பாய்வில் அளக்காமல் கார்பைடு என்று பெயர் வைக்கக்கூடாது.

எக்ஸ்ஆர்டி காட்டாதது என்ன என்பது அதைவிட முக்கியம். உருவமற்ற ஆக்சைடு தெரியாது. உருவமற்ற கார்பன் தெரியாது. கார்பன் படிகமாக இருந்தாலும் ரீட்வெல்டு கணக்கில் (எக்ஸ்ஆர்டி வரைவைப் பொருத்திக் கட்டங்களின் பங்கைக் காண்பது) அதன் பங்கு பிழையாகத்தான் வரும்: டங்ஸ்டன் கதிரை அப்படி விழுங்கும், கார்பன் விழுங்காது. கலவையில் கார்பன் அளவை எக்ஸ்ஆர்டியை வைத்துச் சொல்லவே வேண்டாம்.

அதற்கு டிஜிஏ (சூடாக்கியபடியே எடை மாற்றத்தை அளப்பது) இருக்கிறது. உலர் காற்றில் நிமிடத்துக்கு 5 டிகிரி, 800 வரை. அதற்குமேல் போனால் டபிள்யூஓ3 ஆவியாகத் தொடங்கி எடை சரியும். சுத்த டபிள்யூசி முழுக்க டபிள்யூஓ3 ஆனால் எடை 18.4 சதவீதம் கூடும். டபிள்யூ2சி என்றால் 22.1, உலோகம் என்றால் 26.1. தனிக்கார்பன் எரிந்து போவதால் கூடுதல் குறையும். இதில் ஒரு பொறி இருக்கிறது: கொஞ்சம் உலோகமும் கொஞ்சம் தனிக்கார்பனும் சேர்ந்தால் அச்சாக 18.4 வரலாம். அப்போது மொத்தக் கார்பனும் டபிள்யூசிக்கு உரியதாகவே வரும். எனவே ஒரே எண்ணை வைத்து முடிவு கட்டாமல், எக்ஸ்ஆர்டியில் 58.3இல் உலோகப் பீக் இல்லை என்பதையும் பாருங்கள், மொத்தக் கார்பனையும் அளந்து பொருந்துகிறதா என்று பாருங்கள். சுத்த டபிள்யூசியில் கார்பன் 6.13 சதவீதம், டபிள்யூ2சியில் 3.16. கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் அளக்கும் சாதாரண சிஎச்என் கருவியில் கார்பைடு முழுதாக எரியாமல் குறைவாகக் காட்டும்; வனேடியம் பென்டாக்சைடு சேர்த்து எரிக்கச் சொல்லுங்கள்.

பிஇடிக்கு 0.3 கிராமுக்குக் குறையாமல் வையுங்கள். டபிள்யூசியின் அடர்த்தி 15.63, குப்பியில் பார்க்க ஒரு சிட்டிகைதான் தெரியும், எடை நிறைய இருக்கும். கோளத் துகள் என்று வைத்தால் விட்டம் நானோமீட்டரில் 6000ஐ அடர்த்தியாலும் பரப்பாலும் வகுத்தது. 30 சதுர மீட்டருக்கு 13 நானோமீட்டர். ஷெரர் கணக்கில் (எக்ஸ்ஆர்டி பீக்கின் அகலத்திலிருந்து படிக அளவு) 13 வந்து, பிஇடி 4 என்றால் (அதாவது 96 நானோமீட்டர்) படிகங்கள் ஒட்டிக் கட்டியாகிவிட்டன, அல்லது கார்பன் இடுக்குகளை அடைத்துவிட்டது. மறுபக்கம், கார்பன் தாங்கியோ சர்க்கரையிலிருந்து வந்த கார்பனோ இருந்தால் பிஇடி எண் ஏமாற்றும். கிராமுக்கு 500 சதுர மீட்டர் உள்ள கார்பன் வெறும் 5 சதவீதம் இருந்தாலே 25 சதுர மீட்டர் அதன் கணக்கில் வந்துவிடும். அதைக் கார்பைடின் பரப்பு என்று எழுதுவது தவறு.

மேற்பரப்பு அணுக்களின் எலக்ட்ரான் பிணைப்பு ஆற்றலை அளக்கும் எக்ஸ்பிஎஸ்ஸில் டங்ஸ்டன் 4எஃப் 7/2: கார்பைடு 31.7 எலக்ட்ரான் வோல்ட் அருகே, உலோகம் 31.3 அருகே, டபிள்யூஓ3 35.7 அருகே. கார்பைடுக்கும் உலோகத்துக்கும் இடைவெளி அவ்வளவு குறைவு என்பதால் அந்த இடத்தை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. கார்பன் 1எஸ்ஸில் 282.8 அருகே தனியாக ஒரு தோள் நின்றால்தான் கார்பைடு. ஜோடிப் பீக்குகளின் இடைவெளி 2.2, பரப்பு விகிதம் 4:3 என்று கட்டிப் பொருத்துங்கள். 37 அருகே டங்ஸ்டன் 5பி 3/2 பீக் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதைச் சேர்க்க மறந்தால் அந்தப் பரப்பு முழுவதும் ஆக்சைடு கணக்கில் ஏறும். பாசிவேஷன் ஆன தூளில் 35.7 பெரிதாகத் தெரிவது இயல்பு, பயப்பட வேண்டாம். அதைப் போக்க ஆர்கான் அயனியால் சுரண்டுவதுதான் ஆபத்து. அயனி அடியிலேயே டபிள்யூஓ3 ஒடுங்கும், லேசான அணுக்கள் முதலில் பறக்கும். அதன்பின் காணும் மேற்பரப்பு கருவி உண்டாக்கியது.

கடைசியாக, மேற்பரப்பில் எத்தனை இடம் உண்மையில் வேலை செய்யும் என்பதற்குக் கார்பன் மோனாக்சைடு துடிப்பு ஏற்பு. கருவிக்குள்ளேயே ஹைட்ரஜன் ஒடுக்கம், அதே வெப்பத்தில் ஹீலியத்தில் கழுவல், 30க்கு ஆறவிட்டுத் துடிப்புகள். 30 சதுர மீட்டர் டபிள்யூசியில் டங்ஸ்டன் முகப்புகளே முழுதும் வெளியே இருந்தால் கிராமுக்குச் சுமார் 680 மைக்ரோமோல் இடம். நல்ல தூளிலும் இதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். ஆனால் 20, 30 மைக்ரோமோல்தான் வருகிறது என்றால் மேற்பரப்பைக் கார்பனோ ஆக்சிஜனோ மூடியிருக்கிறது. ஒடுக்காமல் பாசிவேஷன் தூளை நேராக அளந்து "ஏற்பு இல்லை" என்று எழுதுவதில் பொருளில்லை.

அரைக்க டங்ஸ்டன் கார்பைடு உரலைப் பயன்படுத்தாதீர்கள். அதில் பிணைப்பானாகக் கோபால்ட் இருக்கும். கோபால்ட் ஹைட்ரஜனேற்றம் செய்யும், நீங்கள் கார்பைடைப் பாராட்டிக்கொண்டிருப்பீர்கள். அகேட் உரல் போதும்.

குழாய்உலை:

மிக்க நன்றி. நீர்க் கணக்கு கண்ணைத் திறந்தது. இரண்டு சந்தேகம்.

கார்பனேற்றம் முடிந்ததை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எந்த எண்களை வைத்துப் பார்ப்பது? டிஜிஏவில் 20.0 மி.கி. தூள் 22.6 மி.கி. ஆனால் (எக்ஸ்ஆர்டியில் டபிள்யூசி மட்டும்) தனிக்கார்பன் எவ்வளவு?

எக்ஸ்ரேமேசை:

22.6ஐ 20.0ஆல் வகுத்தால் 1.13. அதை 1.184ஆல் வகுத்தால் 0.954. ஆக டபிள்யூசி 95.4, தனிக்கார்பன் 4.6 சதவீதம். மொத்தக் கார்பன் 10.4 சதவீதம் என்று பகுப்பாய்வில் வந்தால் கணக்கு சரி. 9க்குக் கீழே வந்தால் மீதி எடைக் குறைவு பாசிவேஷன் ஆக்சிஜனாலும் ஈரத்தாலும். டிஜிஏவிலேயே முதலில் 150இல் அரை மணி நேரம் நிறுத்தி, அந்த எடையைத் தொடக்கமாக எடுங்கள்.

உலைவாய்:

18 நீர், 28 கார்பன் மோனாக்சைடு, மீத்தேனுக்கு 15. மீத்தேனை 16இல் பார்க்காதீர்கள், நீரிலிருந்தும் கார்பன் மோனாக்சைடிலிருந்தும் வரும் ஆக்சிஜன் துண்டு அங்கே கலக்கும். 18இல் முதலில் ஆக்சைடு ஒடுங்கும் மேடுகள் வரும். பிறகு 28 ஏறி, 15 குழியும், அதுதான் கார்பனேற்றம். 28 அடித்தளத்துக்குத் திரும்பி 15உம் நேராகிவிட்டால் முடிந்தது. அதன்பின்னும் 15 மெல்லக் குறைந்துகொண்டும் ஹைட்ரஜன் கூடிக்கொண்டும் போனால் தனிக்கார்பன் விழுகிறது என்று பொருள், உடனே மீத்தேனை மூடுங்கள். 28 எப்போதும் அடங்காமல் இருந்தால் 14ஐயும் 32ஐயும் பாருங்கள். காற்றுக் கசிவாக இருக்கும்.

மின்முனை:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இதே தூளை அமிலத்தில் ஹைட்ரஜன் வெளியேற்ற வினைக்கு மின்முனையாகப் பயன்படுத்தலாமா?

எக்ஸ்ரேமேசை:

அமிலத்தில் குறைந்த மின்னழுத்தத்தில் தாங்கும். துணை மின்முனையாக (கவுன்டர் எலக்ட்ரோடு) பிளாட்டினக் கம்பி மட்டும் வேண்டாம், கிராஃபைட் கம்பி வையுங்கள். பிளாட்டினம் கரைந்து உங்கள் கார்பைடின் மேல் படியும். சுழற்சி ஏற ஏறத் திறன் "மேம்படுவது" அதனால்தான். ஆர்எச்இ (மீள் ஹைட்ரஜன் மின்முனை) அளவில் 0.6 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள், மேற்பரப்பு ஆக்சைடாகும். காரத்தில் அந்த ஆக்சைடு டங்ஸ்டேட்டாகக் கரைந்தே போகும்.

செல்லுலோஸ்:

வினையைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. கேட்டவருக்கு என் கருத்து: எத்திலீன் கிளைக்கால்தான் இலக்கு என்றால் சுத்த டபிள்யூசி தூளுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. 2008இல் சீனாவின் தாலியனில் சாங் தாவ் குழு காட்டியது ஆக்டிவேட்டட் கார்பன் மேல் டபிள்யூ2சி, கூடவே 2 சதவீதம் நிக்கல். 245 டிகிரி நீர், 6 மெகாபாஸ்கல் ஹைட்ரஜன், 30 நிமிடம். எத்திலீன் கிளைக்கால் விளைச்சல் 61 சதவீதம். நீங்கள் துரத்தியடிக்கப் பார்க்கும் அதே டபிள்யூ2சிதான் அங்கே வேண்டிய கட்டம்.

தயாரிப்பும் எளிது, மீத்தேன் வேண்டாம்; தாங்கியே கார்பன் தரும். 5 கிராம் கார்பனுக்கு 30 சதவீத டங்ஸ்டன் என்றால் 2.14 கிராம் டங்ஸ்டன். மெட்டாடங்ஸ்டேட் புட்டியில் டபிள்யூஓ3 அளவு 90 சதவீதம் என்று போட்டிருந்தால் 3.00 கிராம் எடுக்க வேண்டும். வேறு எண் இருந்தால் அதற்கேற்ப மாற்றுங்கள், வாய்பாட்டை வைத்துக் கணக்கிடாதீர்கள், படிக நீர் புட்டிக்குப் புட்டி மாறும். நிக்கல் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட் 0.72 கிராம். இரண்டையும் கார்பனின் துளைக் கொள்ளளவுக்குச் சமமான நீரில் கரைத்து (கிராமுக்கு 0.8 மி.லி. உறிஞ்சும் கார்பன் என்றால் 4 மி.லி.) சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கிளறுங்கள். பாராடங்ஸ்டேட் வாங்கிவிடாதீர்கள், அது இந்த நீரில் கரையாது. 120இல் ஓர் இரவு உலர்த்தி, ஹைட்ரஜனில் 450 வரை வேகமாக, பிறகு நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் 700, அங்கே 1 மணி நேரம். நிக்கல் இருப்பதால்தான் 700 போதுகிறது. இல்லாமல் செய்தால் 800க்கு மேல் போக வேண்டும். நிக்கலே கார்பனை மீத்தேனாக்கித் தின்னவும் செய்யும். 700இல் நேரத்தை நீட்டினால் தாங்கி கரைந்து ஏற்றம் கூடிவிடும். முடிவில் எடை போட்டு உண்மையான ஏற்றத்தைக் கணக்கிடுங்கள். பாசிவேஷன் இதற்கும் கட்டாயம்.

வினை நடக்கும் ஆட்டோகிளேவில் (உயர் அழுத்தக் கலன்) ஒரு எச்சரிக்கை. அறை வெப்பத்தில் 6 மெகாபாஸ்கல் நிரப்பினால் 245இல் ஹைட்ரஜன் மட்டுமே 10ஐத் தாண்டும், நீராவி 3.6 சேரும். 14 மெகாபாஸ்கல் வரை போகும் என்று வைத்துக்கொண்டு கலனையும் வெடிதகட்டையும் தேர்ந்தெடுங்கள். நீரில் கரைந்த ஆக்சிஜனை நைட்ரஜன் ஊதி நீக்குங்கள். சூடாகும்போதே கார்பைடை அது அரிக்கும்.

இனி முக்கியமானது. இந்த வினையில் செல்லுலோஸ் குளுக்கோஸாகி, குளுக்கோஸ் ரெட்ரோ ஆல்டால் (கார்பன்-கார்பன் பிணைப்பு அறும் வினை) வழியாக உடைந்து கிளைக்கால்டிஹைடாகிறது. அதை நிக்கல் ஹைட்ரஜனேற்றம் செய்கிறது. உடைக்கும் படியைச் செய்வது டங்ஸ்டன். ஆனால் கார்பைடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டங்ஸ்டிக் அமிலமும் டபிள்யூஓ3யும் கூட அதைச் செய்யும் என்று அதே குழுவே பின்னால் காட்டியது. சூட்டில் ஒரு பகுதி டங்ஸ்டன் புரோன்ஸாகக் (பாதி ஒடுங்கிய ஆக்சைடு) கரைந்து, ஆறும்போது திரும்பப் படிகிறது. எனவே உங்கள் கார்பைடு வேலை செய்தது என்று சொல்லும் முன் நான்கு ஒப்பீடுகள் வேண்டும்: கார்பன் மேல் நிக்கல் மட்டும், அதோடு டபிள்யூஓ3, அதோடு அதே மோல் அளவு மெட்டாடங்ஸ்டேட், பிறகு உங்கள் வினையூக்கி. மூன்றாவதும் நான்காவதும் ஒரே விளைச்சல் தந்தால், கார்பைடு பற்றி எழுத அங்கே எதுவும் இல்லை.

கார்பைடு வினையூக்கிகளை ஆராய்ந்த பூடார் குழுவின் பணியிலும் இதே பாடம் உண்டு. 1973இல் லெவியும் பூடாரும் டங்ஸ்டன் கார்பைடு பிளாட்டினம்போல் நியோபென்டேனை ஐசோபென்டேனாக மாற்றுகிறது என்று சயின்ஸ் இதழில் எழுதினார்கள். 1991இல் ரிபெய்ரோ, இக்லேசியா ஆகியோரோடு பூடார் வெளியிட்ட ஆய்வில், மேற்பரப்பு ஆக்சிஜன் வினையின் பாதையையே மாற்றுவது வெளிப்பட்டது. சுத்தமான கார்பைடு மூலக்கூறைத் துண்டுதுண்டாக உடைக்கிறது. ஆக்சிஜன் படிந்தபின்தான் மாற்றியமாக்கல் ஓங்குகிறது. பாசிவேஷன் ஆக்சைடை நீக்கினீர்களா, எவ்வளவு விட்டுவைத்தீர்கள் என்பது அடிக்குறிப்பு அல்ல, செய்முறையின் மையம்.

குழாய்உலை:

அப்படியானால் டபிள்யூ2சி/கார்பனும் மெட்டாடங்ஸ்டேட் ஒப்பீடும் முதலில். கரைந்த டங்ஸ்டனை ஐசிபியில் (கரைசலில் உள்ள தனிமங்களை அளக்கும் கருவி) அளக்க, வடிநீரை 2 சதவீத நைட்ரிக் அமிலத்தில் நீர்த்தால் சரியா?

செல்லுலோஸ்:

வேண்டாம்! அமிலத்தில் டங்ஸ்டிக் அமிலம் படிந்து குழாயில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் எண் குறையும், அடுத்தவர் மாதிரியில் டங்ஸ்டன் தெரியும். நீர்த்த அம்மோனியாவிலோ 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடிலோ நீர்த்து, தரக் கரைசல்களையும் அதே ஊடகத்தில் செய்யுங்கள். வினையூக்கியில் உள்ள மொத்த டங்ஸ்டனை அளக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்குப் போக வேண்டியதில்லை: காற்றில் 600இல் எரித்துக் கார்பனைப் போக்கி, எஞ்சியதைச் சூடான சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்தால் டங்ஸ்டன் முழுதும் வந்துவிடும், நிக்கல் கசடாக அடியில் நிற்கும்.

வடிகட்டலைக் கலன் சூடாக இருக்கும்போதே செய்யுங்கள், உள்ளே மாதிரிக் குழாயும் நுண்துளை வடிகட்டியும் இருந்தால். ஆறியபின் வடிகட்டினால் கரைந்திருந்தது திரும்பப் படிந்திருக்கும், கசிவு இல்லை என்று தவறாகத் தோன்றும். திறந்தவுடன் திரவம் நீலமாக இருந்து காற்றில் வெளிறினால் அதுவே ஒடுங்கிய டங்ஸ்டன் கரைசலில் இருந்ததற்குச் சாட்சி. நிறம் போவதற்குள் ஒரு மாதிரியை ஆர்கானுக்குக் கீழே மூடி எடுத்துவையுங்கள்.